யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிற் பிறமொழிச் சொற்கள்

'கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துவைத்துப் பாணும் சம்பலும் தின்றுவிட்டு, அலுமாரிக்குள் இருந்த லேஞ்சியை எடுத்துக்கொண்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனார்.' யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் இரண்டு தலைமுறைகளுக்கு முன் எவரும் இயல்பாகச் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் இது. இதன்கண் எட்டுப் பெயர்ச்சொற்கள் உள. அவற்றுள் ஒன்றேனும் தமிழன்று. கதிரை, மேசை, பாண், அலுமாரி, லேஞ்சி, சப்பாத்து என்னும் ஆறும் போர்த்துக்கேயம், சம்பல் மலாய், கந்தோர் ஒல்லாந்தம். ஆயினும் இதனைக் கேட்கும் எவரும் இது தமிழ் வாக்கியமன்று என்று சொல்லமாட்டார். இழுத்தல், தின்னல், எடுத்தல், போடுதல், போதல் என்னும் வினைகளும், பெயர்களைப் பிணித்துநிற்கும் வேற்றுமையுருபுகளும் முற்றத் தமிழாகவே இருத்தலே அதற்குக் காரணம்.

இத்தகைய சொற்களைக் கொச்சையென ஒதுக்குதல் கற்றோரிடையே நெடுங்கால வழக்கம். மாணவன் தன் கட்டுரையிற் 'கதிரை' என்று எழுதினால் ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் வெட்டி, 'நாற்காலி' என்று மேலே எழுதுவார். ஆனால் அதே வரியில் உள்ள 'மேசை' என்னும் சொல்லை அவர் தொடுவதில்லை. இரண்டும் ஒரே கப்பலில் வந்து ஒரே துறையில் இறங்கிய சொற்கள். ஒன்று குற்றமாயின் மற்றதும் குற்றமாதல் வேண்டும். ஒன்று குற்றமன்றாயின் மற்றதும் குற்றமன்று. கொச்சை என்னும் தீர்ப்பு சொல்லின் பிறப்பை ஆராய்ந்து வழங்கப்படுவதன்று என்பதை இச்சிறு செய்தி காட்டும். தமிழ்நாட்டிலும் வழங்குஞ் சொல் செம்மை, ஈழத்தில் மட்டும் வழங்குஞ் சொல் கொச்சை என்பதே பெரும்பாலும் அத்தீர்ப்பின் அடிப்படையாக இருந்துவந்துள்ளது.

பழைய இலக்கண நூலார் இத்துணைக் கடுமை காட்டினாரல்லர். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, புறத்திலிருந்து வருஞ் சொற்களுக்கும் இடமளித்தார். வடசொல் தமிழுக்கு வருங்கால் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்ந்து வருதல் வேண்டுமென்பதே அவர் விதித்த நிபந்தனை. நன்னூலுக்கு உரைகண்டோர், திசைச்சொல் வழங்கும் பிற நிலங்களைக் கணக்கிடுமிடத்துச் சிங்களத்தையும் சாவகத்தையும் சீனத்தையும் சேர்த்தெண்ணினர். அந்நூலே தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்றும் தம்முள் வழங்கியதனை உரையாசிரியர்கள் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டினர். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் மறைமொழியையுங்கூட அவர்கள் வழக்கென்றே ஏற்றனர், இழுக்கென்று தள்ளவில்லை.

யாழ்ப்பாணத்துப் பேச்சிற் கலந்த ஐரோப்பியச் சொற்களின் வரலாற்றை ஆராயப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது ஒரு கணக்குப் புதிர். போர்த்துக்கேயர் 1505 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தனர். 1560 இல் மன்னாரைக் கைப்பற்றினர். 1591 இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்துத் தமக்கிணங்கிய எதிர்மன்னசிங்கனை அரியணையேற்றினர். 1619 இல் பிலிப்பு தெ ஒலிவேறா சங்கிலி மன்னனைச் சிறைப்பிடித்தபின்னரே இராச்சியம் முழுவதும் அவர்தம் நேராட்சிக்கு உட்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைக்கொண்டனர். ஆகவே போர்த்துக்கேயரின் நேராட்சி நீடித்தது 39 ஆண்டுகளே. ஒல்லாந்தராட்சியோ 1795 வரை 137 ஆண்டுகள் நிலவியது. ஆட்சியின் நீளத்திற்கேற்பச் சொற்கள் புகுமாயின், ஒல்லாந்தச் சொற்கள் போர்த்துக்கேயச் சொற்களினும் மூன்று மடங்கிற்கு மேலாக இருத்தல் வேண்டும். உண்மை இதற்கு நேர்மாறானது. அன்றாட வழக்கில் நிலைத்தவற்றுட் பெரும்பாலானவை போர்த்துக்கேயமே.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் ஆட்சியிலன்று, வீட்டில் தேடப்படவேண்டியது. போர்த்துக்கேய மொழி பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆசியத் துறைமுகங்களின் பொதுமொழியாயிற்று. முத்துக்குளித்துறைகளிலும் நாகபட்டினம், மன்னார் முதலிய பட்டினங்களிலும் வணிகம் செய்த தமிழர், 1619 க்கு முன்னரே அம்மொழியின் சொற்களைக் கேட்டுப் பழகியிருந்தனர். போர்த்துக்கேயருட் பலர் இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே குடியமர்ந்தனர். அவர்தம் பாதிரிமார் தமிழ் கற்று, தமிழிலேயே போதித்தனர். அண்டிறிக்கு அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' 1578 இல் கொல்லத்தில் அச்சேறியது. புரோவென்சா அடிகளின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி 1679 இல் அம்பலக்காட்டில் வெளிவந்தது. ஒல்லாந்தர் வந்து ஆட்சியைப் பறித்த பின்னரும் வீட்டுமொழியாகப் போர்த்துக்கேயமே நீடித்தது. ஒல்லாந்தக் குடும்பங்களிலே தாய்மாரும் செவிலியரும் பணியாளரும் அதனையே பேசினர். ஒல்லாந்தப் போதகர்களும் அம்மொழியிற் போதிக்க நேர்ந்தது. தம்மொழியைப் பரப்ப ஒல்லாந்தர் எடுத்த முயற்சிகள் பயன் தரவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் சிலரிடையே போர்த்துக்கேயத்தின் கலப்பு வடிவம் நம் காலம்வரை நிலைத்திருத்தல் அதன் வலிமைக்குச் சான்று.

எனவே போர்த்துக்கேயச் சொற்கள் அரசாணையின் வழியாக வந்தவையல்ல. அடுக்களை வாயில் வழியாக வந்தவை. அவற்றை அடுக்கிப் பார்க்கின் இவ்வுண்மை விளங்கும். சமைக்குமிடம் குசினி, அது 'கொசீஞா' என்பதன் திரிபு. பொரிக்கும் பாத்திரமாகிய தாச்சி 'தாச்சோ' என்பது. வீட்டின் முன்புறம் விறாந்தை. காற்று வருவது சன்னல். இருப்பதற்குக் கதிரையும் வாங்கும். இவை முறையே 'வரந்தா', 'ஜனேலா', 'கதெய்ரா', 'பாங்கோ' என்பவற்றின் தமிழ் வடிவங்கள். முகந்துடைக்கும் துவாய் 'துவாள்யா'. மூக்குத்துடைக்கும் லேஞ்சி 'லென்சோ'. காலிலிடும் சப்பாத்து 'சப்பாத்து' என்பதே. எழுதும் பேனை 'பெனா' என்னும் இறகு. நிலத்தைக் கிளறும் அலவாங்கு 'அலவங்கா'; அதனையே தமிழ்நாட்டார் கடப்பாரை என்பர். உண்ணும் பழங்களுட் கொய்யாவும் அன்னாசியும் பப்பாசியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர்வழிப் பெயரோடு வந்தவை. கள் விற்குமிடமாகிய தவறணை 'தவெர்ணா'. அதனைத் 'தவறு' என்னும் பகுதியோடு சேர்த்துப் பொருள் காண்பது எளிது, அறவுரைக்கும் ஏற்றது. ஆயினும் அது சொல்லின் வரலாறன்று.

வீட்டிற்கு வெளியே அவர்கள் விட்டுச்சென்றவை சிலவே. பொருள்களைக் கூவி விற்றலாகிய ஏலம் 'லெய்லாவோ' என்பதனின்று வந்தது. காணிப்பதிவேடாகிய தோம்பு 'தொம்போ' என்பது. அத்தோம்பினை ஒல்லாந்தர் பெருக்கித் திருத்தி, பெயரை மாற்றாமலே கையாண்டனர்.

ஒல்லாந்தர் தந்த சொற்கள் இவற்றினின்றும் வேறுபட்ட இடத்திற் காணப்படும். அவர்கள் நிருவாகிகள், கணக்கும் பதிவும் வழக்கும் அவர்தம் ஆட்சியின் உயிர்நாடி. ஆதலின் அலுவலகம் கந்தோராயிற்று. அஃது ஒல்லாந்தத்தில் 'கந்தோர்' என்றே ஒலிக்கும். உறுதி எழுதுவோன் நொத்தாரிசு. மேசையின் இழுப்பறை லாச்சி. வழக்கறிஞனைக் குறித்த பிரக்கிராசி என்னுஞ் சொல், பிறர் பொருட்டு நின்று நடத்தும் உரிமையைக் குறிக்கும் இலத்தீனச் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. ஒல்லாந்தரின் செப்புக்காசாகிய 'டொய்து' தமிழிற் துட்டு ஆயிற்று. அக்காசு செலாவணியினின்றும் மறைந்து நெடுங்காலமாகியும், சென்னையின் தெருப்பேச்சிற் 'துட்டு' இன்றும் பணத்திற்குப் பெயர். ஆட்சியும் காசும் போயின. பேச்சு அதனைச் செலவிட்டுக்கொண்டே இருக்கின்றது.

ஒல்லாந்தருடைய ஓய்வுநேரமும் ஒரு தடயத்தை விட்டுச் சென்றது. யாழ்ப்பாணத்திற் கடதாசிக்கூட்டம் விளையாடுவோர் சொல்லும் கலாவரை, இஸ்கோப்பன் என்னும் இனப்பெயர்கள் ஆங்கிலமல்ல. ஒல்லாந்தரின் 'கிளாவர்', 'ஸ்கொப்பன்' என்பனவே அவை. திண்ணையில் முந்நூற்றுநாலு ஆடும் முதியவர்கள், தாம் அறியாமலே பதினெட்டாம் நூற்றாண்டுக் கோட்டைக் காவலரின் மொழியைப் பேசுகின்றனர்.

ஒல்லாந்தர் ஆட்சி யாவாவையும் இலங்கையையும் ஒரே கும்பினியின்கீழ்ப் பிணைத்தது. அங்கிருந்து மலாய்ப் போர்வீரரும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களும் இங்கு வந்தனர். சம்பல், தொதல், ரம்புட்டான் என்னும் உணவுப்பெயர்களும், இடையில் உடுக்கும் சாரமும் அவ்வழி வந்த உறவின் எச்சங்கள். சாவகத்தையும் திசைச்சொல் வழங்கும் நிலமென எண்ணிய உரைகாரர் கூற்று, பிற்காலத்தில் இவ்வாறு மெய்யாயிற்று.

ஆங்கிலேயர் காலத்துச் சொற்கள் மிகப் பல. அவை பள்ளிக்கூடத்தின் வழியும் புகையிரதத்தின் வழியும் வந்தன. 1905 இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை இருப்புப்பாதை நிறைவுற்றபோது, மக்கள் அவ்வண்டியைக் கோச்சி என்றனர். கோச்சு என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே அது. மாணவர் எழுதும் கொப்பி 'கொப்பி' என்னும் ஆங்கிலம். அரசாங்க அதிபரின் பணிமனையாகிய கச்சேரி, ஆங்கிலேயர் இந்துத்தானியிலிருந்து எடுத்துவந்து இங்கு நிலைநிறுத்திய சொல். தமிழ்நாட்டிற் கச்சேரி என்றவுடன் இசையே நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் வரிசையும் விண்ணப்பமும் நினைவுக்கு வரும். ஒரு சொல் இருவேறு நாட்டில் இருவேறு வாழ்வு பெற்றமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சொற்கள் புகுந்த இடங்கள் வரலாறாவதுபோலப் புகாத இடங்களும் வரலாறேயாம். யாழ்ப்பாணத்து முறைப்பெயர்களாகிய அம்மா, அண்ணை, அக்கா, மாமா, மச்சான் என்பவற்றுள் ஐரோப்பியச் சொல் ஒன்றும் பழங்காலத்திற் புகவில்லை. கிணற்றடியிலே துலா, பட்டை, வாய்க்கால் என்பனவும், கோயிலிலே மூலத்தானம், வசந்தமண்டபம், கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்பனவும் ஐரோப்பிய மொழி தீண்டாதனவாய் நின்றன. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621 இல் இடித்தனர்; வேறு பல ஆலயங்களும் அக்காலத்தில் அழிந்தன. ஆலயத்தை இடித்தவர்களால் ஆலயச் சொல்லொன்றையேனும் மாற்றமுடியவில்லை. அவர்களை வெறுத்த மக்கள் அவர்தம் கதிரையை ஏற்றனர்; மூலத்தானத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்திலர். எதை ஏற்பது, எதை மறுப்பது என்னும் தேர்வு இதன்கண் உண்டு. அத்தேர்வினைச் செய்தவர் புலவர்களல்லர், எழுத்தறியாத பொதுமக்களே.

அப்பொதுமக்களின் ஆற்றல் பிறிதோரிடத்தும் புலப்படும். புகையிலையும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் வருகைக்குமுன் இந்நாட்டில் இல்லாதவை. கொய்யாவும் அன்னாசியும் தம் பெயரோடு வந்தனவாக, இவ்விரண்டும் தமிழ்ப்பெயர் பெற்றன. புகைத்தற்குரிய இலை புகையிலை. மிளகுபோற் காரமுடைய காய் மிளகாய். யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் தோட்டத்தில் நட்டு, நீரிறைத்து, உழைப்பால் தன்னதாக்கிக்கொண்ட பயிர்கள் இவை. அவற்றிற்கு அயலான் இட்ட பெயர் இங்கு வேண்டப்படவில்லை. புகையிலையைச் சுருட்டிச் செய்த சுருட்டு என்னுஞ் சொல்லை ஆங்கிலேயர் 'செறூட்' எனக் கடன்கொண்டனர். கொடுத்தலும் கொள்ளலும் இருபாலும் நிகழ்ந்தன என்க.

சட்டத்துறையில் இவ்வுண்மை இன்னுந் தெளிவாகும். யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுக்குமாறு ஒல்லாந்தத் தேசாதிபதி சீமோன்சு ஆணையிட, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாசு ஐசாக்சு 1707 இல் அத்தொகுப்பினை நிறைவேற்றினார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் பெயர் தேசவழமை. முதுசொம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி என்னுஞ் சொற்களுக்கு ஈடான சொல் ஐரோப்பியரிடம் இல்லை. 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயர் அத்தேசவழமைக்குச் சட்டவலிமை அளித்தனர். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்திலும் 'தேடியதேட்டம்' என்பது ஆங்கில எழுத்திலே தமிழாகவே நின்றது. கந்தோர் என்னுஞ் சொல்லை ஒல்லாந்தரிடம் வாங்கிய தமிழர், அக்கந்தோரின் ஏட்டிலே தம் சொற்களையும் எழுதவைத்தனர்.

அயற்சொற்களைத் தமிழாக்கிய முறையும் ஆராய்தற்குரியது. தொல்காப்பியத்தைக் கல்லாத மக்கள், தொல்காப்பியர் வடசொல்லுக்கு விதித்த நெறியையே போர்த்துக்கேயச் சொல்லுக்கும் கையாண்டனர். 'ஜனேலா' ஜகரத்தை இழந்து சன்னலாயிற்று. 'லெய்லாவோ', மொழிமுதல் வாராத லகரத்தை விடுத்து ஏலமாயிற்று. லேஞ்சி, லாச்சி என்பவற்றை எழுதுவோர் இகரம் பெய்து இலேஞ்சி, இலாச்சி என்பர். 'பாங்கோ' வாங்கு எனக் குற்றியலுகர ஈறு பெற்றது. 'அர்மாரியோ' ரகர மெய்யை நெகிழ்த்து அலுமாரியாயிற்று. 'கதெய்ரா' ஐகார ஈறு பெற்றுக் கதிரை என நின்றபோது, தமிழில் முன்னரே வழங்கிய வேறொரு சொல்லோடு ஒலியால் ஒன்றாயிற்று. கதிரைவேலன் என்னும் பெயரில் உள்ள கதிரை கதிர்காமம். வீட்டுக் கதிரை போர்த்துக்கேயம். இரண்டையும் ஒரே நாவாற் சொல்லும் யாழ்ப்பாணத்தான் ஒருபோதும் மயங்குவதில்லை. இடமறிந்து பொருள் கொள்ளும் ஆற்றல் வழக்கிற்கு இயல்பாக உண்டு.

ஒரே ஆட்சியின் கீழிருந்த அயலவராகிய சிங்களவரும் இச்சொற்களுட் பலவற்றை ஏற்றனர். குசினி அவரிடத்துக் குஸ்ஸிய, பாண் பான், சப்பாத்து சபத்து, லேஞ்சி லேன்சுவ, கந்தோர் கந்தோருவ, லாச்சி லாச்சுவ. ஆயினும் கதிரைக்கு அவர் புட்டுவ என்பர். ஏலத்திற்குப் போர்த்துக்கேயச் சொல்லை விடுத்து ஒல்லாந்தர் வழிவந்த வெந்தேசிய என்பதை வழங்குவர். உருளைக்கிழங்கிற்கு ஒல்லாந்தரின் அர்த்தாபலை அவர் ஏற்க, தமிழர் உருளும் கிழங்கென்று தாமே பெயரிட்டனர். இருமொழியாரும் ஒரே வரலாற்றைப் பகிர்ந்துகொண்டமைக்கும், அதனைத் தத்தம் வழியே எதிர்கொண்டமைக்கும் இச்சொற்கள் சான்று பகரும்.

கொச்சையெனப்படுவதெல்லாம் அயலிலிருந்து வந்ததுமன்று. யாழ்ப்பாணத்தார் 'உது', 'உவன்', 'உங்கை' என்று கூறுதல் ஏனையோருக்கு வியப்பாகும். கூறுவோனுக்கு அண்மையிலுமன்றிச் சேய்மையிலுமன்றி இடைப்பட்டதனைச் சுட்டும் இவ்வுகரச்சுட்டு, தொல்காப்பியர் கூறிய அ, இ, உ என்னும் மூன்று சுட்டுக்களுள் ஒன்று. தமிழ்நாட்டுப் பேச்சில் அது வழக்கிழந்தது, ஈழத்தில் நிலைத்தது. 'அயத்துப்போச்சு' என்னும் பேச்சில், மறத்தலைக் குறிக்கும் அயர்த்தல் என்னும் பழஞ்சொல் உயிர் வாழ்கின்றது. பூட்டைத் திறக்குங் கருவிக்குத் தமிழ்நாட்டார் போர்த்துக்கேயரின் 'சாவி'யை வாங்கிக்கொள்ள, யாழ்ப்பாணத்தார் திறப்பு என்றே கூறுவர். திறப்பு என்று எழுதிய மாணவனைத் திருத்திச் சாவி என்று எழுதவைப்போர், தனித்தமிழை நீக்கிப் பறங்கிமொழியைப் புகுத்துவோராவர்.

1916 இல் மறைமலையடிகளால் தொடங்கப்பெற்ற தனித்தமிழ் இயக்கம் தமிழின் சொல்வளத்தைக் காட்டித் தமிழருக்குத் தன்மதிப்பு ஊட்டியது. அதன் பயனை எவரும் மறுக்கவியலாது. அலுவலகம், பேருந்து முதலிய நல்ல சொற்கள் இன்று யாவர்க்கும் உரியன. எழுத்துநடையில் அவற்றை ஆளுதல் தக்கதே. ஆயின், எழுத்தில் ஒரு சொல்லைத் தவிர்த்தல் வேறு. அச்சொல்லைச் சொல்லுவோரை இழிவாக எண்ணுதல் வேறு. கக்கூசு என்னும் ஒல்லாந்தச் சொல்லைக் கூச்சத்தால் விடுத்து மலசலகூடம் என்பது இடக்கரடக்கலாகும். இலக்கணம் அதனை ஏற்கும். குசினியை விடுத்துச் சமையலறை என்பது செம்மை. குசினியை நாணி விடுத்துக் 'கிச்சின்' என்பதோ ஓர் ஐரோப்பிய மொழியை விடுத்து மற்றோர் ஐரோப்பிய மொழியைப் பற்றுதலேயன்றித் தூய்மையன்று. இன்று குடும்பங்களிற் பெரிதும் நிகழ்வது இதுவே.

இச்சொற்கள் மறையுங் காலம் அணுகிவிட்டது. 1983 க்குப் பின் இலட்சக்கணக்கான மக்கள் கடல்கடந்தனர். 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகள் ஒரே இரவில் வெறுமையாயின. விறாந்தையும் துலாவும் உள்ள வீட்டை அறியாத பிள்ளைகள் தொறொன்ரோவிலும் இலண்டனிலும் வளர்ந்துள்ளனர். பொருள் கண்முன் இல்லாதபோது அதன் பெயர் நாவில் நிலைப்பது அரிது. 1990 இல் யாழ்ப்பாணத்திற்கு நின்றுபோன வண்டி 2014 இல் மீண்டும் வந்தபோது அதனைக் கோச்சி என்றழைத்தவர்கள் முதியவர்களே. தாய்நாட்டிலுள்ள இளைஞர்களும் சென்னைத் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் கேட்டுச் சாவி, டீ, நாற்காலி என்கின்றனர். தேத்தண்ணி என்னுஞ் சொல்லிலுள்ள 'தே' சீனத் தென்கரையிற் பிறந்து, ஒல்லாந்தக் கப்பலேறி உலகைச் சுற்றிய சொல்லென்பதை அவர்களுக்குச் சொல்லுவார் இலர்.

மானிப்பாயில் 1842 இல் வெளிவந்த தமிழகராதியும், 1862 இல் வின்சிலோ வெளியிட்ட பேரகராதியும், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் இயற்றிய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழகராதியும் யாழ்ப்பாணத்தவர் சொல்லாராய்ச்சிக்கு ஆற்றிய தொண்டின் நினைவுச்சின்னங்கள். ஆயினும் அகராதியில் ஏறாத வழக்குகள் இன்னும் பல உள. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. ஏட்டிலிருந்த சான்றுகளைத் தீ உண்டது. முதியோர் நாவிலிருக்கும் சான்றுகளை அழிப்பதற்குத் தீ வேண்டுவதில்லை; கேட்பாரின்மையே போதும்.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டனிடமும் பாட்டியிடமும் இருபது சொற்களைக் கேட்டெழுதலாம். எப்பொருளைக் குறிப்பது, யார் வழங்குவது, எவ்வூரில் வழங்குவது, எந்நேரத்தில் வழங்குவது என்பனவற்றையும் உடன் குறித்துக்கொள்ளலாம். கடற்றொழிலாளர், தச்சர், பொற்கொல்லர், சுருட்டுத்தொழிலாளர் முதலியோரின் குழூஉக்குறிகள் அவற்றுட் சிறப்பாகத் தொகுக்கப்படவேண்டியவை; தொழில் மறையும்போது அவை முதலில் மறையும். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் உளராயின் அறுநூறு சொற்கள் சேரும். ஒன்றையொன்று ஒத்தவற்றைக் கழித்தாலும், எஞ்சியவை எந்த நூலிலும் காணப்பெறாத ஒரு சிற்றகராதியாகும். கட்டுரையிற் கதிரையைக் காணும் ஆசிரியர் அதனை நாற்காலியாகத் திருத்துவாராயின் திருத்துக. திருத்துமுன் அச்சொல் எவ்வழி வந்ததென்று வகுப்பைக் கேட்பாராக. அவ்வினாவுக்கு விடைகூறப் புகும் மாணவன் 1560, 1619, 1658, 1795 என்னும் ஆண்டுகளை மனனஞ் செய்யவேண்டியதில்லை. அவை அவன் இருக்குங் கதிரையிலும் எழுதும் மேசையிலும் இருக்கின்றன.